காபிக்கு எந்தத் தீ?

சைஃபன் காபிக் கருவி வாங்க நினைப்பவர்கள் முதலில் கண்ணாடியைப் பார்த்துத்தான் மயங்குகிறார்கள். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு குடுவைகள், நடுவே ஒரு குழாய், அடியில் ஒரு சுடர். கீழே இருக்கும் தண்ணீர் தானாக மேலே ஏறுகிறது. சற்று நேரத்தில் காபியாக மாறிக் கீழே இறங்குகிறது. மாஜிக் பார்க்கும் குழந்தையைப் போல வாய் பிளந்து நிற்பவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வியைக் கடைசியில்தான் கேட்கிறார்கள்: அடியில் எரியப்போவது எது? கண்ணாடி எல்லா வீட்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். தீ அப்படியில்லை. அந்த வீட்டு அடுப்படியையும் மின்சாரத்தையும், எல்லாவற்றுக்கும் மேலாக அதை ஏற்றி அணைக்கும் கையையும் பார்த்து அது அமைய வேண்டும்.

தில்லி மயூர் விஹாரில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழ்த் தம்பதி இந்தக் கேள்விக்கு விடை காண நான்கு மாதம் எடுத்துக்கொண்டார்கள். கணவர் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் 35 ஆண்டுகள் கணக்கு எழுதியவர். வயது 69. அம்மையார் பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆசிரியையாக இருந்தவர். வயது 64. ஒரு காபிக் கருவிக்கு நான்கு மாதமா என்று அக்கம்பக்கத்தில் சிரித்தார்கள். ஆனால் அந்த வீட்டில் விவாதம் காபியைப் பற்றி மட்டும் நடக்கவில்லை.

திருமணமான நாளிலிருந்து காலை டிகாஷன் இறக்குவது அம்மையாரின் வேலை. மூன்றாண்டுகளுக்கு முன் முடக்குவாதம் வந்து விரல் மூட்டுகளில் உட்கார்ந்துகொண்டது. இந்த நோயின் குணமே காலை இறுக்கம்தான். தூங்கி எழுந்ததும் ஒரு மணி நேரம், சில நாள் அதற்கும் மேல், விரல்கள் மடங்காது. முதல் காபிக்கான நேரமும் அதேதான். அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த பித்தளை ஃபில்டரின் மேல் பாத்திரம் கீழ்ப் பாத்திரத்தில் இறுகி உட்கார்ந்துவிட்டால் அதைத் திருகி எடுப்பதற்குள் அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிடும். தில்லிக் குளிரில் கேட்கவே வேண்டாம்.

எனவே கணவர் அடுப்படிக்குள் நுழைந்தார். ஃபில்டரை அவரால் திருக முடிந்தது. பாலைத்தான் காவல் காக்க முடியவில்லை. அடுப்பில் வைத்துவிட்டு பேப்பர் எடுக்க வாசலுக்குப் போவார். தலைப்புச் செய்தியோடு பால் மறந்துவிடும். ஒரே கோடையில் இரண்டு முறை பால் பொங்கி அடுப்பை அணைத்தது. பர்னரிலிருந்து கேஸ் மட்டும் வந்துகொண்டிருந்தது. இரண்டாம் முறை வேலைக்கு வந்த பெண்மணிதான் வாசனை பிடித்து ஜன்னல்களைத் திறந்துவிட்டார். அதன் பிறகு, விரல்கள் மடங்காத அந்த ஒரு மணி நேரத்திலும் அம்மையார் எழுந்து வந்து அடுப்படியில் முக்காலி போட்டு உட்காரத் தொடங்கினார். "எனக்கு மூளை இருக்கு, கை இல்லை. உங்களுக்குக் கை இருக்கு, மூளை பேப்பர்ல இருக்கு. ரெண்டு பேரும் சேர்ந்தாத்தான் இந்த வீட்ல ஒரு காபி" என்பது அவர் தீர்ப்பு.

ஒசாகாவில் வேலை பார்க்கும் மகன் விடுமுறைக்கு வந்தபோது இந்தக் காட்சியைப் பார்த்தார். ஜப்பானில் கிஸ்ஸாதென் எனப்படும் பழைய பாணிக் காபிக்கடைகளில் சைஃபனைப் பார்த்துப் பழகியவர் அவர். "இதுல பால் கிடையாது, பொங்கறதும் கிடையாது. அடுத்த தடவை வாங்கிட்டு வர்றேன்பா" என்று செல்போனில் ஒரு படத்தைக் காட்டினார். கணவர் அந்த இடத்திலேயே விழுந்துவிட்டார். அம்மையார் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அடியில இருக்கறது ஸ்பிரிட் லாம்ப்தானே?"

அவர் அப்படிக் கேட்டதில் வியப்பில்லை. கருவியைச் சற்றுக் கவனித்தால் அது சமையலறையில் பிறந்ததல்ல, ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். கீழ்க் குடுவையில் தண்ணீர். மேல் குடுவையின் குழாய் ரப்பர் வளையம் வழியாகக் கீழே இறங்கி, அடியைத் தொடாமல் நிற்கிறது. சூடேறும்போது கீழே உள்ள காற்றும் நீராவியும் விரிந்து தண்ணீரைக் குழாய் வழியே மேலே தள்ளுகின்றன. வளிமண்டல அழுத்தத்தைவிட நூற்றில் ஒன்றிரண்டு பங்கு கூடினாலே போதும். மேலே போன தண்ணீரில் காபித்தூள் ஊறுகிறது. தீயை அகற்றியதும் கீழே நீராவி குளிர்ந்து சுருங்க, அரைகுறை வெற்றிடம் உண்டாகிறது. வெளிக்காற்று காபியைத் துணி வடிகட்டி வழியே கீழே அழுத்திவிடுகிறது. பெயர் சைஃபன் என்றாலும், தொட்டியிலிருந்து குழாய் வைத்துத் தண்ணீர் இறக்கும் சைஃபனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வெற்றிடக் குடுவை என்பதே பொருத்தமான பெயர்.

இதில் தீ சூடாக்குவதோடு நின்றுவிடுவதில்லை. தண்ணீரை மேலே நிறுத்திவைப்பதும், எப்போது கீழே விடுவது என்று முடிவு செய்வதும் அதுதான். ஃபில்டரில் வெந்நீரை ஊற்றிவிட்டுக் குளிக்கப் போகலாம். சைஃபனில் தீயை மறந்துவிட்டுப் போனால் மேலே காபி கொதித்துக் கசந்துபோகும். கீழே எஞ்சியிருக்கும் கொஞ்சம் தண்ணீரும் வற்றினால் வெறும் குடுவை காய்ந்து வெடிக்கும். மறதிக்காரர் கையில் கொடுப்பதற்கு இதைவிட மோசமான கருவி கிடையாது என்று அம்மையார் வாதிட்டார். கணவரிடம் அதற்குப் பதில் இல்லை. ஆனால் ஆசை இருந்தது.

அந்த ஆசைக்கு வயது 190 ஆண்டுகளுக்குக் குறையாது. 1830-களில் பெர்லினில் லோஃப் என்பவர் இத்தகைய கருவி ஒன்றை உருவாக்கினார். 1840-களில் பிரான்ஸின் லியோன் நகரத்து வாசியூ அம்மையார் மேலும் கீழுமாக இரண்டு கண்ணாடி உருண்டைகள் கொண்ட வடிவத்துக்குக் காப்புரிமை பெற்றார். தயாரிப்பதைக் கண்ணால் பார்க்க முடிந்ததால் சமையலறையில் இருந்த காபி விருந்து மேஜைக்கே வந்தது. அந்தக் காலக் கண்ணாடி சூடு தாங்காமல் அடிக்கடி வெடித்தது. அந்தக் குறை தீர, 1880-களில் ஜெர்மனியின் யேனா நகரில் ஆட்டோ ஷாட் போரோசிலிகேட் கண்ணாடியை உருவாக்க வேண்டியிருந்தது. சூட்டில் அது விரிவது சாதாரணக் கண்ணாடி விரிவதில் மூன்றில் ஒரு பங்குதான். 1915-இல் அமெரிக்காவில் பைரெக்ஸ் வந்தது. 1925-இல் டோக்கியோவில் கோனோ சைஃபன் விற்பனைக்கு வந்தது. 1921-இல் ஆய்வுக்கூடக் கண்ணாடி தயாரிக்கத் தொடங்கிய ஹாரியோ 1940-களின் இறுதியில் சைஃபனில் இறங்கியது. ஹாரியோ என்றால் ஜப்பானிய மொழியில் கண்ணாடியின் அரசன் என்று பொருள். ஐரோப்பா ஏறக்குறைய மறந்துவிட்ட கருவியை ஜப்பான்தான் விடாமல் பிடித்துக்கொண்டது.

மகன் அனுப்பிய பட்டியலில் முதலில் முடிவானது அளவு. இரண்டு கப், மூன்று கப், ஐந்து கப் என்று கிடைக்கிறது. ஜப்பானியக் கணக்கில் ஒரு கப் 120 மில்லி. எனவே இரண்டு கப் கருவி 240 மில்லிதான். நம் ஊர் டம்ளருக்கு ஒன்றரை. மூன்று கப் என்பது 360 மில்லி. ஐந்து கப் 600 மில்லி. பெரிதாக வாங்கிப் பாதி நிரப்பிக்கொள்ளலாமே என்று கணவர் யோசித்தார். அது சரிவராது. குழாய் அடியைத் தொடாததால் கொஞ்சம் தண்ணீர் எப்போதும் கீழேயே தங்கும். பெரிய குடுவையில் குறைவாக வைத்தால் தங்குவதன் விகிதம் கூடிவிடும். இருவருக்கும் எப்போதாவது வரும் மூன்றாமவருக்கும் சேர்த்து மூன்று கப் என்று முடிவாயிற்று.

பிறகு தீ. இங்கேதான் மூன்று மாதம் போயிற்று.

பெரும்பாலான சைஃபன்களோடு சேர்ந்தே வருவது ஸ்பிரிட் லாம்ப். தமிழில் பாடம் படித்தவர்களுக்குச் சாராய விளக்கு. விலை குறைவு, பழுதாக எதுவும் இல்லை, பார்க்க அழகு. குறைகளை அம்மையார் வகுப்பெடுப்பது போல எண்ணினார். ஒன்று, வேகம் குறைவு. குளிர்ந்த தண்ணீரை வைத்தால் கொதிப்பதற்குள் பொறுமை போய்விடும். கெட்டிலில் காய்ச்சித்தான் ஊற்ற வேண்டும். இரண்டு, சுடரைக் கூட்டவோ குறைக்கவோ திரியை இழுக்க வேண்டும், அதுவும் விளக்கை அணைத்துவிட்டு. மூன்றாவதுதான் அவர் அதிகம் பயந்தது: பகல் வெளிச்சத்தில் ஸ்பிரிட் சுடர் கண்ணுக்கே தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து எரியும் விளக்கில் ஸ்பிரிட் ஊற்றினால் புட்டியோடு பற்றிக்கொள்ளும். சுத்தமான எத்தனால் 13 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை வெளிவிடும். தில்லியின் குளிர்காலம் தவிர மற்ற மாதங்களில் வீட்டுக்குள் எப்போதும் அதற்கு மேல்தான்.

கணவர் கணக்காளர் ஆயிற்றே, ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு காபிக்கு வேண்டிய ஸ்பிரிட்டை மட்டும் அளந்து ஊற்றினால் மறந்தாலும் தானே அணைந்துவிடும் அல்லவா? அம்மையார் முக்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "அது மட்டும் வேண்டாங்க. முக்கால்வாசி காலியான விளக்குல எண்ணெய்க்குப் பதிலா ஆவியும் காத்தும் கலந்து நிக்கும். அதுதான் வெடிக்கிற கலவை. கால் பாகத்துக்குக் கீழ இறங்க விடக்கூடாதுன்னு எத்தனை பிள்ளைங்களுக்குச் சொல்லியிருக்கேன்!"

ஸ்பிரிட் வாங்குவதும் சுலபமாக இல்லை. மெதிலேட்டட் ஸ்பிரிட் என்பது குடித்துவிடாமல் இருக்க மெத்தனால் போன்ற நஞ்சு கலந்த சாராயம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அந்தச் சரக்கு எங்கே, யார் கையில் போகிறது என்று அரசாங்கம் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது. மருந்துக்கடையில் போய் ஸ்பிரிட் கேட்ட கணவரிடம் எதற்கு என்று விசாரித்தார்கள். காபி போட என்றதும் கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்திருக்கிறார். கொரோனா காலத்தில் வாங்கி மிஞ்சிய சானிடைசரை ஊற்றலாமா என்ற யோசனையும் எழுந்தது. அவற்றில் பல ஐசோபுரொபைல் ஆல்கஹால்; மஞ்சளாக எரிந்து குடுவை முழுக்கக் கரி பிடிக்கும். அதுவும் தள்ளுபடி.

வீட்டில்தான் கேஸ் அடுப்பு இருக்கிறதே என்பவர்கள் உண்டு. தைவானின் யாமா போன்ற நிறுவனங்கள் அடுப்பிலேயே வைக்கும் சைஃபன் செய்கின்றன. மின்சுருள் அடுப்பென்றால் இடையில் ஒரு கம்பி வலை வைக்க வேண்டும். தாங்கியில் தொங்கும் உருண்டைக் குடுவைக்கு நம் வீட்டு அடுப்பு ஒத்துவராது. பர்னரின் அகன்ற சுடர் குடுவையைத் தாண்டிப் பிடியை எரிக்கும். இண்டக்‌ஷன் அடுப்பும் உதவாது. அது இரும்பைத்தான் சூடாக்கும், கண்ணாடியைக் கண்டுகொள்ளாது. அதோடு, இந்த வீட்டில் எந்த அடுப்பின் மீது பயமோ அதிலேயே இன்னொரு பாத்திரத்தை ஏற்றுவதற்கு அம்மையார் சம்மதிப்பதாக இல்லை.

அடுத்தது பியூட்டேன் பர்னர். உள்ளங்கை அளவுதான். சிகரெட் லைட்டருக்கு நிரப்பும் அதே வாயு. சுடர் வேகமானது, திருகைத் திருப்பினால் கூடும், குறையும், சட்டென்று அணையும். சைஃபனில் தேர்ந்தவர்கள் பலருக்குப் பிடித்தது இதுதான். தண்ணீர் மேலே ஏறியதும் தீயைக் குறைத்து, கொதிக்காமல் ஆனால் கீழேயும் இறங்காமல் பிடித்துவைக்க இந்தத் திருகு வசதி. வாயு தீர்ந்தால், பர்னர் ஆறிய பிறகு, வேறு தீ எதுவும் அருகில் இல்லாத இடத்தில், டப்பாவைத் தலைகீழாக அழுத்தி நிரப்ப வேண்டும். சிம்லாவிலோ கேங்டாக்கிலோ லேயிலோ குடியிருக்கும் தமிழர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பியூட்டேனின் கொதிநிலை மைனஸ் 0.5 டிகிரி. வீட்டுக்குள் குளிர் அந்த அளவை நெருங்கினால் அது வாயுவாகவே மாறாது. தில்லியில் அந்தப் பிரச்சினை இல்லை. மறதிப் பிரச்சினை மட்டும் அப்படியே நின்றது. மறந்துபோனால் வாயு தீரும்வரை எரியும்.

மறதிக்கென்றே ஒரு கருவி 19-ஆம் நூற்றாண்டில் செய்யப்பட்டிருக்கிறது என்பது மகன் சொன்ன செய்தி. தராசு சைஃபன் என்று சொல்லலாம். பெல்ஜியன் சைஃபன், ராயல் சைஃபன் என்றும் விற்கிறார்கள். இதில் குடுவைகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். தண்ணீர் நிறைந்த உலோகப் பாத்திரம் கனத்தால் தாழ்ந்து, விளக்கின் மூடியைத் திறந்தபடி பிடித்திருக்கும். தண்ணீர் மறுபுறம் போனதும் பாத்திரம் இலேசாகி உயரும். மூடி விழுந்து விளக்கு அணையும். காபி தானே திரும்பி வரும். மனிதன் கை வைக்கவே வேண்டாம். கணவருக்கு இது பிடித்துப்போயிற்று. அம்மையாரும் அதன் மூளையை மெச்சினார். ஆனால் அதுவும் ஸ்பிரிட் விளக்குதான். உலோகப் பாத்திரத்தின் உள்ளே கறை படிந்தால் கண்ணுக்குத் தெரியாது. காற்று புகாமல் இறுக்கும் திருகுகள் வேறு. திருகுதான் அந்த வீட்டின் எதிரி.

எஞ்சியது மின்சாரம். ஜப்பானியக் காபிக்கடைகளின் கவுன்ட்டரில் வரிசையாகச் செக்கச்சிவந்த ஒளியில் மின்னும் ஹாலோஜன் பீம் ஹீட்டர். 2008-இல் சான் ஃபிரான்சிஸ்கோவின் ஒரு காபிக்கடை ஜப்பானிலிருந்து ஹாலோஜன் சைஃபன் மேடை ஒன்றை வரவழைத்தபோது, அதன் விலை 20,000 டாலர் என்பதே அமெரிக்கப் பத்திரிகைகளுக்குச் செய்தியாயிற்று. வீட்டுக்கென்று ஒற்றை விளக்குள்ள சிறிய ஹீட்டர்கள் உண்டு. விலை சைஃபனையே தாண்டும். சுடர் இல்லை, கரி இல்லை, எரிபொருள் இல்லை. வெப்பக்கதிர் கண்ணாடி வழியே நேராகத் தண்ணீரைத் தொடுகிறது. முக்கியமாக, எரிகிறதா இல்லையா என்று சாளேஸ்வரக் கண்ணுக்கும் அடுத்த அறையிலிருந்தே தெரிகிறது.

வாங்கிவிடுகிறேன் என்று மகன் கிளம்பியபோது அம்மையார் தடுத்தார். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். இங்கே 230. அழுத்தம் 2.3 மடங்கு ஆனால் ஹீட்டர் இழுக்கும் சக்தி அதன் வர்க்கம், அதாவது ஐந்து மடங்குக்கு மேல். செருகிய கணமே விளக்கு போய்விடும். இடையில் மின்னழுத்தம் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வைக்கலாம். சில நூறு வாட் தாங்குவதென்றால் அது செங்கல் கனம் கனக்கும். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் ஆசையாகக் கொண்டுவரும் பொருள்களில் பாதி இப்படித்தான் பரணில் ஏறுகிறது. சீனாவின் வீட்டு மின்சாரம் 220 வோல்ட். அங்கே தயாராகும் ஹீட்டர் நமக்கு நேராகப் பொருந்தும். கடைசியில் குடுவை ஜப்பானிலிருந்து வந்தது, ஹீட்டர் சீனாவிலிருந்து. மூன்றாவது பொருளைக் கணவர் பக்கத்து எலெக்ட்ரிக் கடையில் வாங்கினார். நிமிடத்தை எண்ணி அணைக்கும் டைமர் சுவிட்ச். மூன்றிலும் விலை குறைந்தது அது. அந்த வீட்டுக்குச் சைஃபன் வர அனுமதி கொடுத்ததும் அதுதான்.

முதல் காபி தோல்வி. வீட்டில் இருந்த ஃபில்டர் தூளையே போட்டார்கள். சிக்கரி கலந்த நைசான தூள் துணியை அடைத்துக்கொள்ள, மேலே போன காபி இறங்க மறுத்தது. சைஃபனுக்குச் சிக்கரி கலக்காத கொட்டை வேண்டும். அதுவும் கறுக வறுக்காமல், ரவையைவிடச் சற்று நைசாக அரைத்தது. ஒரு பங்கு தூளுக்குப் பதினைந்து பங்கு தண்ணீர் என்பது நல்ல தொடக்கம். 360 மில்லிக்கு 24 கிராம்.

இப்போது கணவர் செய்யும் முறை இது. கெட்டிலில் காய்ந்த தண்ணீரைக் கீழ்க் குடுவையில் ஊற்றுகிறார். குடுவையின் வெளிப்புறத்தை உலர்ந்த துணியால் துடைக்கிறார். ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் சூட்டில் கண்ணாடி விரிசல் விடலாம். வடிதுணியில் தொங்கும் மணிச்சங்கிலி கீழே தண்ணீரில் படும்படி விடுகிறார். அதிலிருந்து குமிழ்கள் சீராக எழும், தண்ணீர் திடீரென்று குமுறாது. டைமர் ஆறு நிமிடம். தண்ணீர் ஏறியதும் ஹீட்டரைக் குறைத்து, தூளைப் போட்டு, மூங்கில் கரண்டியால் கலக்குகிறார். ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் விட்டு அணைக்கிறார். முக்கால் நிமிடத்தில் காபி கீழே. சூடான மேல் குடுவையை இலேசாக ஆட்டிக் கழற்றுவது அவர் கை வேலை. வடிதுணியைச் சோப்பு போடாமல் அலசி, தண்ணீரில் ஊறவைத்து ஃபிரிட்ஜில் வைப்பதும் அவரே. உலரவிட்டால் எண்ணெய்ப்பசை சிக்கு வாடை அடிக்கும்.

ஒரு முறை காபி மேலே ஊறும்போதே கரண்ட் போய்விட்டது. ஹீட்டர் அணைந்தது, காபி தானாகக் கீழே இறங்கி நின்றது. மின்வெட்டு வந்தால் வேலையைக் கெடுக்காமல் முடித்துவைக்கும் மின்கருவி இது ஒன்றுதான் என்று இருவரும் சிரித்தார்கள். அந்த முறை காபி கொஞ்சம் இலேசு, அவ்வளவே.

ருசி? டிகாஷனில் பழகிய நாக்குக்கு முதலில் தேநீர் போலத்தான் இருந்தது. தெளிவாக, மணமாக, கொஞ்சம் புளிப்போடு இருக்கிறது. பால் தாங்காது. பாலில்லாத காபியைக் கணவர் ஒரு வாரத்தில் ஏற்றுக்கொண்டார். அம்மையார் இன்றுவரை இரண்டு கரண்டி பால் விடுகிறார். சைஃபன் ரசிகர்கள் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வார்கள். எப்படியும், அது நான்கு மணிக் காபி ஆகிவிட்டது. காலையில் டிகாஷன் இல்லாமல் அந்த வீட்டில் பொழுது விடிவதில்லை.

அப்படியானால் இத்தனை மாத யோசனையும் வீணா? அப்படிச் சொல்ல முடியாது. எந்தத் தீ மறதியைத் தாங்கும் என்று சைஃபனுக்காகப் பட்டியல் போட்டவர்களுக்கு, அந்தப் பட்டியலை ஆபத்து உண்மையில் இருந்த இடத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றியது. பால் ஏன் கேஸ் அடுப்பில் காய வேண்டும்? தட்டையான அடியுள்ள, காந்தம் ஒட்டும் எவர்சில்வர் பாத்திரம் ஒன்று வாங்கினார்கள். மூலையில் தூசி படிந்து கிடந்த இண்டக்‌ஷன் அடுப்பைத் துடைத்தார்கள். அதிலேயே டைமர் இருக்கிறது. நேரம் முடிந்தால் அணைந்துவிடும். பால் பொங்கினாலும் மேடையைத் துடைத்தால் போகும், மூச்சு முட்டாது. பித்தளை ஃபில்டரைத் திருகுவது கணவரின் கை.

முக்காலி இப்போது பால்கனியில் துளசிச் செடி வைக்கப் பயன்படுகிறது. விரல்கள் மடங்காத அந்த ஒரு மணி நேரத்தை அம்மையார் போர்வைக்குள்ளேயே கழிக்கிறார். டைமரின் பீப் ஒலி கேட்கும், பிறகு டம்ளரும் டபராவும் வரும். காபி எப்படி என்று கணவர் தினமும் கேட்கிறார். பரீட்சைத் தாள் திருத்திய கை அவ்வளவு சுலபத்தில் மார்க் போட்டுவிடுமா? "சர்க்கரை கொஞ்சம் தூக்கல்" என்கிறார், டம்ளரைக் கீழே வைக்காமலே.